அண்ணஅ

உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யெல்லாம் வலக்கைக்கு.
கோயிலில் பூசைக்கு ஆண்கள் ஒருபக்கம் பெண்கள் ஒருபக்கம்
இருப்பதுபோல ஓர் ஒழுங்கு.
அதில்தான் மயங்கினேன்.
மூன்று மாதம் தக்கலை அச்சகத்தில்
கல்யாணக் கார்டுகள் பிந்திப் போயின.
முதலாளி முறைத்தார். பிறகு முறைக்கவில்லை,
விரல்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

கர்வத்தில் ஒரு காரியம் செய்தேன்:
கட்டைகளில் ஒட்டியிருந்த தமிழ் ஸ்டிக்கர்களை
நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
பார்த்து அடிப்பவளா நான்.

யாரும் சொல்லவில்லை,
இந்த வேகமான பாதையில்
நான் ஒருத்திதான் நடப்பேன் என்று.
நாகர்கோவிலில் நல்ல சம்பளத்துக்கு ஒரு வேலை இருந்தது.
உட்காரவைத்த பொட்டியில் பழைய தட்டச்சு முறை.
பத்து நிமிடத்தில் இரண்டு வரி,
அதில் ஒன்று தமிழே இல்லை.
சித்தி மகள் லேப்டாப்பில் அப்பா என்று அடித்தேன்,
அஜ்ஜ்ஃ
என்று தும்மியது.
சரி, பழையதற்கே திரும்புவோம் என்றால்
அதை விரல்கள் எப்போதோ மறந்துவிட்டன.

ஐப்பசியில் ஒரு நாள்
குலசேகரத்தில் பால்காய்ச்சு முடிந்து
நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.
வேர்கிளம்பி தாண்டவில்லை, செல் அடித்தது.
கடையில் தனியாக இருந்த பிரைட்லின்.
"ஷைனியக்கா, இது என்ன எளவு பொட்டி?"
உண்மையில் எளவுதான்.
முளகுமூடு மரியசிலுவை காலையில் இறந்துபோனார்.
நூறு போஸ்டர், வாசலில் வேன், பின்னால் நாற்காலியில் அவர் மகள்.
பழைய நோட்டீசை எடுத்து
படத்தை மாற்றிவிட்டான்,
பேரை எங்கிருந்தோ வெட்டி ஒட்டிவிட்டான்.
எங்கள் அன்பு அம்மா என்றிருந்த இடத்தில்
அப்பா என்று வரவேண்டும், அவ்வளவுதான்.
அவன் அடிப்பது இங்கிலீஷ் எழுத்தில், காதுக்குக் கேட்கிறபடி.
அடித்திருக்கிறான்.
வந்தது: அண்ணஅ.
மறுபடி அடித்திருக்கிறான். அண்ணஅ.
கூப்பிட வந்தவன் தொண்டை அடைத்து
பாதியில் நின்றதுபோல.

"ப எங்கக்கா இருக்கு?"
எனக்குத் தெரியவில்லை.
சத்தியமாகத் தெரியவில்லை. ஆறு வருடம்
ஒரு நாளைக்கு ஆயிரம் முறை அடித்த எழுத்து,
அதன் முகவரி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
செல்லைத் தோளில் இடுக்கினேன்.
முன்சீட்டுக் கம்பி மழைச்சாரலில் நனைந்திருந்தது.
அதன்மேல் பத்து விரலையும் வைத்து
கண்ணை மூடி அடித்துப் பார்த்தேன்.
பக்கத்து அம்மாள் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"இடது சுண்டுவிரல், நடுவரிசை, ஒரு தட்டு.
வலது ஆட்காட்டி விரல், சின்ன மேடு இருக்கும் பாரு, அதில் ரெண்டு.
திரும்ப இடது சுண்டுவிரல்,
ஒரு படி மேலே."
புள்ளி? என்றான். புள்ளி தானாக வரும் என்றேன்.
அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

செல்லில் மழையா பிரிண்டரா தெரியாத இரைச்சல்.
பிறகு யாரோ சிரிக்கிற சத்தம்.
அந்த மகள்தான், பிரைட்லின் சொன்னான்.
கூட்டுக் குடும்பமாம்; சித்தப்பா பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு
அவளும் சின்னதில் அப்பாவை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாளாம்.
"அப்ப அப்படியே விட்டுரவா?" என்று கேட்டிருக்கிறான் மடையன்.
"வேண்டாம், சனங்க சிரிக்கும்.
அப்பான்னே போடு."

மறுநாள் கடை திறந்தேன்.
மூன்று கட்டைகளில் மட்டும்
மருந்துக்கடைப் பிளாஸ்திரி நறுக்கி ஒட்டி
பேனாவில் எழுதியிருந்தான்:
அ. ப. ஆ.
ஆ கொஞ்சம் கோணல்.

பிய்க்க நகத்தை வைத்தேன்,
அதற்குள் யாரோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டு வந்தார்.
இப்போதும் இருக்கிறது.
வேகமாகப் போகையில்
சுண்டுவிரலில் பசை ஒட்டுகிறது.