முப்பத்திரண்டாவது

மூன்று வாரம் பலகையில் கூட்டணி வரைந்தேன்.
அக்குரேரியில் மூன்று மணிக்கே இருட்டு;
கொட்டாவிகள் ஜன்னலில் ஆவியாய்ப் படிந்தன.

நான்காம் வாரம் வாயை மூடிக்கொண்டு
சீட்டுக் குலுக்கிப் போட்டேன்.
அறுபத்துமூன்று பேர் அவையில்
இரண்டே இடமுள்ள கட்சி
ஹில்டிகுன்னூருக்கு விழுந்தது:
வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறப்பவள்.

முப்பத்தொன்றுக்காரனும் முப்பதுக்காரியும்
மாறி மாறி வந்தார்கள்.
அவள் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள்.
கட்டைவிரல் முடியும்வரை பதில் இல்லை.
பிறகு,
"மீன்வளம் எங்களுக்கு. நிதியும்."

"ரெண்டு சீட்டுக்கா?" கொதித்தான் ஸ்டைன்தோர்.
"இல்லை. முப்பத்திரண்டாவது சீட்டுக்கு."

மணி அடித்தது. அரசு அமையவில்லை.
பலகையில் என் அம்புக்குறிகள்
யாரையும் சுட்டாமல் நின்றன.
வெளியே பனியில்
அவள் நூல்பந்தைச் சுமந்துகொண்டு
பின்னாலேயே போகிறான் ஸ்டைன்தோர்,
நிதியை மட்டும் விட்டுக்கொடு என்று.