செவுத்துக்கு அந்தாண்ட

தண்டையார்பேட்ட ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி.
ராத்திரி மூணு மணிக்கு மொதல்ல முட்டி முயிச்சிக்கும்.
அப்புறம்தான் நான்.

வெந்நீர்ப் பைய முட்டிமேல வச்சிக்கினு
போனத் தொறப்பேன்.
வெளிச்சம் பட்டா
"இன்னா எய்வு இது" ன்னு
இவரு அந்தப் பக்கம் பொரண்டு படுப்பாரு.

அன்னிக்கி ஒரு பாட்ட அமுக்குனேன்.
சத்தம் வர்ல.
பட்டன அமுக்கி அமுக்கி ஏத்துனேன்.
வர்ல.
ஸ்டான்லில முப்பத்தோரு வருசம் ஆயா வேல பாத்தவ நான்.
பொறந்து அயுவாத கொயந்தைங்கள ஏந்திருக்கேன்.
மூச்சு கீது, வாய் தொறக்குது,
சத்தம் மட்டும் இல்ல.
அப்டித்தான் ஓடிக்கினு இருந்துச்சி பாட்டு.

அப்ப செவுத்துலேருந்து வந்துச்சி.
புல்புல்தாராவும் டோலக்குமா
நான் அமுக்குன அதே பாட்டு.

மறுநாள் வேற பாட்டு.
அதுவும் செவுத்துலேருந்துதான்.
அந்தாண்ட வூட்டு முனிரத்தினத்துக்கும் எனக்கும்
ஒரே நேரத்துல ஒரே பாட்டு தோணுமா?
கற்பூரம் ஏத்திட்டு
ரீசார்ஜு கடைக்குப் போனேன்.

கடைப் பையன் பாத்துட்டுச் சிரிச்சான்.
"ஆயா, உன் போனு யாரு ஸ்பீக்கரோடயோ
ஜோடி சேந்துகீது."
எனக்கு அறுபத்தொம்போது வயசு.
கடையில நாலு பேரு நிக்கிறாங்க.
"மெதுவா சொல்றா" ன்னேன்.
அவுரு வூட்டுக்குப் பொட்டி வந்த அன்னிக்கி
எம்பேரன்தான் என் போன எடுத்துக்கினு போயி
ஓட்டிக் காட்டுனான்.
அதோட வென.
"பிரிச்சி உட்ரட்டா?"
"இரு. அவுருகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்."

தண்ணி லாரி வந்தப்ப சொல்லலாம்னு நின்னேன்.
வாயத் தொறக்கறதுக்குள்ள அவுரே ஆரம்பிச்சாரு.
"எம்புள்ள பிரபாகரு பொட்டி அனுப்பிச்சான்ல,
மஸ்கட்லேருந்தே பாட்டு போடுறாம்மா, ராத்திரி மூணு மணிக்கு.
மொதல்ல ஒரு பொம்பள இங்கிலீசுல என்னமோ சொல்லுவா,
எக்சேஞ்சுன்னு நெனைக்கிறேன்,
ஒடனே பாட்டு.
அப்பனுக்குத் தூக்கம் வராதுன்னு
யாரு சொன்னாங்க அவனுக்கு?
போன் பண்ணா எடுக்கறதில்ல.
ஒரு வார்த்த பேசறதில்ல.
பாட்டு மட்டும் டயத்துக்குப் போட்டுடறான்."

ஹார்பர்ல கிரேன் ஓட்டுன கை,
காலிக் கொடத்தக் கட்டிக்கினு நிக்குது.
என் கொடம் ரொம்பி வயிஞ்சி
பின்னால இருந்தவ கத்துனா.
நான் தூக்கிக்கினு வந்துட்டேன்.

இப்பல்லாம் எனக்குப் புட்ச்சத அமுக்கறதில்ல.
நாப்பது வயசு ஆம்பளப் புள்ள
அப்பனுக்கு இன்னா பாட்டு போடும்?
அத ரோசன பண்ணவே
பத்து நிமிசம் ஆயிடுது.
தாயில்லாத புள்ள,
வாரத்துக்கு ஒரு அம்மா பாட்டு.
காதல் பாட்டு தப்பித் தவறி வந்துட்டா
பதறிப்போயி மாத்துறேன்,
மவன் அப்பனுக்கு இதெல்லாம் போடுவானா?

ஜொரத்துல ரெண்டு நாள் போனத் தொடல.
மூணாம் நாள் படியில பாத்தாரு.
"அவனுக்கு நைட் டூட்டி போலக்குது" ன்னாரு,
நான் கேக்காமயே.

கண்டெய்னரு லாரி போவும்போதெல்லாம்
செவுரு லேசா நடுங்கும்.
காத வச்சா சில்லுன்னு கீது.
பாட்டுக்கு நடுவுல அவுரு இருமல்,
கட்டிலு கிரீச்சு,
அப்புறம் ஒண்ணும் இல்ல.
நாலேகாலுக்கு ஒரு ஒரு புள்ளியா சத்தத்தக் கொறைப்பேன்,
தூங்கிப்போன கொயந்தையோட வெரலுலேருந்து
என் வெரல உருவுற மாதிரி.

பையில வெந்நீரு ஆறிப்போச்சி.
சார்ஜு ஒம்போதுன்னு காட்டுது.
இந்தாண்ட இவரு கொறட்ட.
அந்தாண்டயும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு,
வேற சுதியில.