பொருத்திய இடம்

மீன் ஆலையில் நகம் வளர்க்கக் கூடாது.
சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்கள்:
சிவப்பு நகத்தின் மேல் கறுப்பாய் ஒரு குறுக்குக்கோடு.
எட்டு மணி நேரம் நீலக் கையுறைக்குள்ளிருந்து
காட் மீனின் சதையில் முள் தேடுகிறேன்.
ஆறு மணிக்கு அறைக்கு வந்து
எலுமிச்சை தேய்த்து வாடையைப் போக்கிவிட்டு
அடுத்தவர் நகத்தை நீட்டப் பழகுகிறேன்.

முதல் மாதம் ரப்பர்க் கை.
போலந்திலிருந்து தபாலில் வந்தது, மணிக்கட்டோடு.
சுங்கத்தில் திறந்து பார்த்த யாரோ
பெட்டியை மூன்று சுற்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.
அது சுடுகிறது என்று சொல்லாது.
ஜெல் ஓரத்தில் வழிந்தாலும் கையை இழுக்காது.
நான் கெட்டிக்காரி என்று நம்பிய மாதம் அது.

பிறகு ஸ்வான்லொய்க் வந்தாள்,
நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுப்பவள்.
கடித்துக் கடித்து
அவள் விரல்நுனியில் சதைதான் அதிகம்.
"பழகத்தான் செய்கிறேன், காசு வேண்டாம்" என்றேன்,
அவள் மொழியில், எனக்குத் தெரிந்த பாதியில்.
"நானும் பழகத்தான் வந்தேன்,
கடிக்காமல் இருக்க."

டிப்பை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து
மெல்லப் படியவிட வேண்டும்,
தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல்.
நான் அறைந்து சாத்தினேன்.
உள்ளே ஒரு காற்றுக்குமிழி
மீன்கண்ணாய் விழித்தது.
எடுத்தேன். மறுபடி வைத்தேன்.
மூன்றாம் முறை குமிழி இல்லை, கோணல்:
சுட்டுவிரல் மலையைப் பார்க்க
நடுவிரல் துறைமுகத்தைப் பார்த்தது.

நகமும் சதையும் போல என்பார்கள்.
இந்த வேலைக்கு அந்த உறவு ஆகாது.
ஜெல் சதையைத் தொட்டால்
மூன்றாம் நாள் ஓரம் தூக்கிக்கொள்ளும்.
மயிரிழை இடைவெளி விடு என்பது பாடம்.
பயத்தில் அகலமாய் விட்டுவிட்டேன்,
போட்ட அன்றே
போட்டு மாதமான நகம் போலிருந்தது.

நவம்பர் கடைசியில் போன வெயில்
இன்னும் மலைக்குப் பின்னால்தான்.
பகலிலும் தெருவிளக்கு எரிகிறது.
என் சமையல் மேசையில் ஒரு ஊதா வெளிச்சம்,
அதற்குள் அவள் நான்கு விரல்.
அறுபது விநாடி.
பதினைந்தில் கையைப் பிடுங்கிக்கொண்டு
போலந்து வசை ஒன்றைக் கத்தினாள்,
நான் கற்றுக்கொடுத்ததுதான்.
தடிமனாக ஊற்றியிருக்கிறேன். அவள் நகமோ
வெங்காயத்தோல்.

எல்லாவற்றையும்விட அந்தக் கோடு.
டிப் முடிந்து அவள் தொடங்கும் இடத்தில்
ஒற்றைப் படி.
அரத்தைப் படுக்கவைத்து
பிளாஸ்டிக்கை மட்டும் தேய்க்க வேண்டும், அவளைத் தேய்க்கக் கூடாது.
முதல் வாரம் அவளைத் தேய்த்துவிட்டேன்.
"ராத்திரி வெந்நீர்த் தொட்டியில் எரிந்தது"
பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

இரண்டாம் வாரம் அரத்துக்குப் பயந்தேன்;
படி படியாகவே நின்றது.
அதற்கு மேல் ஜெல்லைப் பூசி மறைத்தேன்.
கண்ணுக்கு அழகு.
அவள் பல்லுக்குத் தெரிந்துவிட்டது.
எங்கே விளிம்போ அங்கே பல் மாட்டும்,
நெம்பும், போய்விடும்.
மறு வியாழன் வெறும் பத்து விரலோடு வந்தாள்.

ஐந்தாம் வியாழன்
கடைசி விரலுக்கு வரும்போது மணி பதினொன்று.
கண் எரிந்தது, மூடிக்கொண்டேன்.
கட்டைவிரலை அவள் சுண்டுவிரல் நகத்தின் மேல்
முள் தேடுவதுபோல ஓட்டினேன்.
இருக்கிறது. தேய்த்தேன்.
இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தேய்த்தேன்.
இல்லை.
இந்தப் பக்கமிருந்தும் இல்லை.

திங்களன்று ஆலை வாசலில் தொலைபேசி அடித்தது.
"போகுமிலா, ஒன்பதும் போச்சு.
ஞாயிறு முழுக்கப் படம் பார்த்தேன், கடித்துவிட்டேன்.
அந்தச் சின்னது மட்டும் வரவில்லை.
எங்கே கடிப்பதென்றே தெரியவில்லை."

சிரித்தாளா, அழுதாளா,
காற்றில் கேட்கவில்லை.
மணி அடித்தது. கையுறை மாட்டினேன்.
முதல் மீனிலேயே
வாலோரம் ஒளிந்திருந்த முள்
தானாகக் கட்டைவிரலுக்கு வந்தது.

வியாழனுக்கு ஒன்பது விரல்.
ஜெல் புட்டியில் கால்வாசிதான் மிச்சம்.
இந்த முறை மெல்லிசாக ஊற்ற வேண்டும்.