வெள்ளி முரசுக்கு அடுத்த ஆண்டு

சிப்பார் நகரம். கதிரவன் கோவில் மதிலோரம்
களிமண் காயுமுன் எழுதி முடிப்பது என் பிழைப்பு.
ஐந்து ஷெக்கெல் வெள்ளி. கொடுத்தவன் அஹு-வக்கார்.
வாங்கியவள் நருப்தும், நெசவுக்காரி.
கெடு: உலூலு மாதக் கடைசி.
சாட்சிகள் இருவர்; ஒருவனுக்குப் பாதித் தூக்கம்.

மிச்சம் தேதிதான்.
சீமானு மாதம், பதினெட்டாம் நாள்.
ஆண்டு?

எங்களுக்கு ஆண்டு எண்ணாக வருவதில்லை.
பெயராக வரும், பாபிலோனிலிருந்து, படகில்.
போனது 'மன்னர் கோவிலுக்கு வெள்ளி முரசு வைத்த ஆண்டு'.
இதன் பெயர் எந்த மணல்திட்டில் தட்டி நிற்கிறதோ!
அதுவரை 'வெள்ளி முரசுக்கு அடுத்த ஆண்டு' என்போம்,
பெயர் வைக்காத பிள்ளையை
இன்னான் தம்பி என்பதுபோல்.

"எந்த முரசு?" என்றாள் நருப்தும்.
"அறுக்க நின்ற வாற்கோதுமையைக்
கால்வாய் உடைத்துக்கொண்டு போன ஆண்டு இது.
அதை எழுதேன்."

அஹு-வக்கார் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.
எழுத்துக்கூலி தருபவன் அவன்.

ஆனால் அங்கே படிக்கத் தெரிந்தவன்
நான் ஒருவனே.
முரசு என்று வாய் சொல்ல
கால்வாய் என்று கை எழுதியது.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
ஈரம் உலர்ந்ததும் மேலே களிமண் உறை போர்த்தி,
உறைமேல் முறைப்படி முரசை எழுதினேன்.
முத்திரை இல்லாதவள்
முந்தானை ஓரத்தை அழுத்திவிட்டுப் போனாள்.

வழக்கு வந்தால் நீதிபதிகள் உறையை உடைப்பார்கள்.
உள்ளும் புறமும் ஒவ்வாவிட்டால்
என் வேலை போகும்; விரலும் போகலாம்.

உலூலு வந்தது. கூடவே அரண்மனை ஆணையும்:
நிலவுக் கணக்கு பிசகிவிட்டது,
இந்த ஆண்டு உலூலு இரண்டு.
"முதல் உலூலுவே கெடு, உடையுங்கள் உறையை"
என்று குதித்தான் அஹு-வக்கார்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
"ஐயா, உலூலுக் கடைசி என்றுதானே எழுத்து?
இன்னும் உலூலு முடியவே இல்லையே" என்றேன்.
ஊர்ப்பெரியவர்கள் தாடியைத் தடவி
ஆமாம் என்றார்கள்.
என்னை நீதிமான் என்றும் யாரோ சொன்னார்கள்.

இரண்டாம் உலூலு இருபத்தொன்பதில்
வெள்ளியை எடைபோட்டு வைத்தாள், வட்டியோடு.
வழக்கப்படி அஹு-வக்கார் ஏட்டைக்
குதிகாலால் நசுக்கினான்.
ஒரு துண்டில் 'கால்வா' வரை தெரிந்தது.
பொறுக்கித் தொட்டித் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் படகு கரைசேர்ந்தது,
ஆண்டின் பெயரோடு:
'மக்கள் செழிக்க மன்னர்
கால்வாய் வெட்டிய ஆண்டு.'