நாற்பத்தேழாவது கட்டம்

பண்டாரவளைக் குளிரில்
என் செல்லோவின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது.
முறுக்குகிறேன், நழுவுகிறது.
முறுக்குகிறேன்.
நகரசபை மண்டபத்தில் புது இசை விழா:
ஐந்து நாள், ஆறு இளம் இசையமைப்பாளர்கள்,
ஒரு மின்விசிறி
(யாருக்கும் வேண்டாம், ஆனாலும் சுற்றுகிறது;
சுவிட்ச் எங்கே என்று காவலாளிக்கும் தெரியாது).

என் பங்குக்கு மூன்று பேர்.
அதில் கிஷோபிகா, வயது பத்தொன்பது,
பூனாகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாள்,
தாள்கள் பொலித்தீன் பைக்குள்,
பை ஸ்வெட்டருக்குள்.
ஐந்து கோடுகளையும் அடிமட்டம் வைத்துத்
தானே போட்டிருக்கிறாள்.

நாற்பத்தேழாவது கட்டத்தில் சுரம் இல்லை.
பென்சிலில் ஒரு வரி:
'கோச்சி வரும்வரை.'

எந்தக் கோச்சி?
"பின்னேரம் பதுளைக்குப் போறது மிஸ்.
சில நாள் முந்தும்.
மண் சரிஞ்சா வராது."

மேடை ஸ்டேஷன் இல்லை என்றேன்.
வாசிக்கிறவளுக்கு ஒரு கணக்கு வேண்டும்,
பதினைந்து செக்கன் என்று எழுது.
வேறு ஊரில் வாசித்தால்?
கோச்சியே போகாத ஊரில்?
நல்ல கேள்வி கேட்டுவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.
அவள் அழிரப்பரை எடுத்தாள்.
"சரி மிஸ்."
அந்தச் 'சரி'யை அப்போதே
உற்றுக் கேட்டிருக்க வேண்டும்,
காதை வைத்துப் பிழைக்கிறவள் நான்.

கச்சேரியன்று காலை புதுத் தாள்.
நான் சொன்னதெல்லாம் அதில் இருந்தது:
மூச்சுக் குறி, வில்லின் திசை, தடித்த இடங்களில் மெலிவு.
நான்தான் இல்லை.
நாற்பத்தேழிலிருந்து முடிவு வரை நான்கு நிமிடம்,
'வில் கம்பியில் இருக்கட்டும்.
இழுக்க வேண்டாம்.'

முதல் நாற்பத்தாறையும்
ஒழுங்காக வாசித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
தாழ்ந்த கம்பியில் ஓர் ஏற்றம்,
வளைவுக்கு வளைவு அதே இரண்டு சுரம்
வேறு பக்கமிருந்து தெரியும்.
பிறகு இருந்தேன்.
தகரத்தில் தூறல்.
மூன்றாம் வரிசையில் ஒருவர்
இருமலை அடக்கி, அடக்கி, இருமினார்.
மின்விசிறி தன்பாட்டுக்கு.
விழாத் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தது
சத்தியமாக எனக்குக் கேட்டது.
இழுக்காத வில் இத்தனை பாரம் என்று
இருபத்திரண்டு வருஷமாய்
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
கோச்சி வந்திருக்கலாம்.
வரவில்லை.
கைதட்டல் நடு வரிசையில் தொடங்கி
நடு வரிசையிலேயே நின்றது.

அடுத்தது தினித்.
லேப்டாப், நான்கு ஸ்பீக்கர், ஒரு பித்தளைத் தாம்பாளம்.
அவன் உச்சத்தில் இருந்தபோதுதான்
தரை லேசாக நடுங்கியது.
திரைக்குப் பின்னால்
என் முழங்கால்களுக்கிடையில் சாய்ந்திருந்த செல்லோ
தானாகவே முனகியது, கடைசிக் கம்பியில்.
மண்டபத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.
எதிர்ப் பக்கத்துத் திரையோரம் கிஷோபிகா
ஒரு விரலை உயர்த்திப் பிடித்திருந்தாள்.
சிரிக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரவு விடுதியில் படிவம்.
'பயிலுநரின் முன்னேற்றம்' என்று போட்டு
மூன்று கோடு இடம் விட்டிருந்தார்கள்.
பிளேன்டீ ஆறிப்போனது.
முதல் கோட்டில் எழுதினேன்:
கோச்சி ஒன்பது நிமிடம் பிந்தி வந்தது.

மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன.
அலுவலகத்திலிருந்து
இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள்.