ஏழாம் தளத்துக்கான கற்கள்

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகும் சாலையில்
எங்கள் கிரானைட் கம்பெனிக்கு ஒரு கப்பல் வந்தது,
மின்னஞ்சலில், நாற்பத்திரண்டு பக்கமாக.

தஸ்தகீர் அதை அச்செடுத்து
பாலீஷ் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்.
நீளம் இருநூற்றுப் பதினாறு மீட்டர்.
அப்படியென்றால் எவ்வளவு என்று யாரோ கேட்க,
கேட்டிலிருந்து அடியெண்ணி நடந்தார் மாதப்பன்.
எடைமேடை தாண்டி, புளியமரம் தாண்டி,
முனியப்பன் கோயில் வாசலில் நின்று கையசைத்தார்.
அங்கே இருந்தது கப்பலின் மூக்கு.

புதுசு இல்லை. முப்பது வயசுக் கப்பல்.
முதலில் ஒரு ராணியின் பெயர்,
அடுத்து ஒரு காற்றின் பெயர்.
ஊரடங்கில் இரண்டு வருஷம்
எந்தக் கரைக்கும் வேண்டாததாய் நங்கூரமிட்டு
விளக்குக்கு மட்டும் எண்ணெய் எரித்துக் கிடந்திருக்கிறது.
இப்போது வாங்கியவர்கள் வைத்தது
சீட்டுக் கம்பெனிப் பெயர் மாதிரி இருந்தது.
வரைபடத்தின் மூலையில் மூன்று பெயரும்,
இரண்டின் மேல் கோடு.

சூதாட்டக் கூடம் இருந்த இடத்தில் நூலகம்.
நூலகம் இருந்த இடத்தில் நூடுல்ஸ் கடை.
ஜன்னல்கூட இல்லாத அறைகளுக்கு
வெளியே பால்கனி வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.
ஏழாம் தளத்து வரவேற்புக் கூடத்துக்கும்
மதுக்கூட மேடைக்கும், சுழன்று ஏறும் படிக்கும்
எங்கள் கல்.

மிதக்கிற வீட்டில் எடைதான் குற்றம்.
எட்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடாது,
அதற்கும் அடியில் அலுமினியத் தேனடை.
மலையைப் பெயர்த்துப் பழகிய கைகள்
அப்பளம் தூக்கக் கற்றுக்கொண்டன.
முதல் வாரத்தில் பதினோரு அப்பளம் நொறுங்கியது.

பிறகு அந்த அம்மாள் வந்தார்,
கப்பல்காரர்களின் ஆள், வெள்ளை ஹெல்மெட்.
பலகைகளின் மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.
ஊற்றியதும் எழுந்தன,
இளஞ்சிவப்பில், சாம்பலில், கறுப்பில்,
ஒன்றை ஒன்று துரத்தும் வரிகள்.
நீளமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்:
இதில் அலை அதிகம்.
இதன்மேல் நடந்தால் பயணிகளுக்குத் தலை சுற்றும்.

நான் அளவு பார்ப்பவள்.
சாக்பீஸை எடுத்துக்கொண்டு பிரித்தேன்:
அலை இல்லாதவை லாரிப் பக்கம்,
அலை உள்ளவை வேலிப் பக்கம்.
கடலுக்குப் போகிற கல்லில்
கடல் இருக்கக் கூடாதாம்டா, என்றார் மாதப்பன்.
எந்தத் திசையில் போனாலும்
கடலைப் பார்க்க ஐந்து மணி நேரமாகும் ஊரில்
வேலியோரம் சாய்ந்து நின்றது அவ்வளவு அலை.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு கதவு.
கதவுக்கு இந்தப் பக்கம் நம் கல்,
அந்தப் பக்கம் பச்சை பெயிண்ட் அடித்த இரும்பு,
ஊழியர் வழி என்று போட்டிருந்தது.
சேரும் இடத்தில் மூன்று மில்லி உயரம் ஏறுகிறது.
தட்டு அடுக்கிக்கொண்டு வருகிறவனின் கால்
அங்கேதான் தடுக்கும். எழுதிக் கேட்டேன்.
குறித்துக்கொண்டோம், என்று பதில்.
அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.
தஸ்தகீரிடம் சொல்லி அந்த விளிம்பைச் சாய்த்துவிட்டேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு கல்லின் முதுகிலும் எண் எழுதுவது என் வேலை.
நாற்பத்தோராம் கல்லுக்கு வந்தபோது
கையில் காகிதம் இல்லை, மனசில் கணக்கு ஓடியது.
சிலிண்டர் 930. சீட்டு 1500.
சபரீஷ் டியூஷன் 450.
கூட்டி, கோடு போட்டு, 2780 என்று எழுதினேன்.
மாசக் கடைசியில் நூறு ரூபாய் குறைந்தபோதுதான்
கூட்டலில் விட்டது தெரிந்தது.

அதற்குள் கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் தாண்டியிருந்தது.
இப்போது பசை காய்ந்து இறுகியிருக்கும்.
பெட்டியை இழுத்துக்கொண்டு சாவி கேட்டு
யாராவது அதன்மேல் நிற்பார்கள்.
நேற்று பெய்த மழையில்
வேலியோரத்துக் கற்கள் முழுக்க நனைந்திருந்தன.
மாதப்பன் அவற்றின்மேல் தார்ப்பாய் போர்த்தப் போனார்.
விடுங்க, கொஞ்ச நேரம் இருக்கட்டும், என்றேன்.