மேற்குக் கரைக்கு

ஹாரிஸ் தீவின் கிழக்குக் கரையில்
செத்தவர்க்கு இடமில்லை.
கடப்பாரை ஒரு சாண் இறங்குமுன்
ணங்கென்று திரும்பி வரும்.
நேற்றைய மழையில் தார்ச்சாலையும் அறுந்துவிட்டது.
பேஹக்கைத் தோளில் ஏற்றினோம், எட்டுப் பேர்,
பழைய பிணப்பாதை வழியே.

அவள் வீட்டில் ஒரு கோடையில்
நிலவியல்காரன் ஒருவன் தங்கியிருந்தான்.
கல்லை நக்கி நக்கிப் பார்ப்பான்.
"இதுக்கு வயசு முந்நூறு கோடி" என்றான்.
"அத்தனை வயசாகியும்
ஒரு உருளைக்கிழங்குக்கு இடம்விடத் தெரியலையே"
என்றாள் பேஹக்.
பம்பு பழுதுபார்க்கப் போயிருந்த நானும் சிரித்தேன்.

சூப்பு ஆறும்வரை அவன் சொன்னது இது:

இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்
மலைகள் மேலே குந்தியிருக்க
இந்தக் கல் வெந்தது.
உருகவில்லை.
உருகியிருந்தால் எல்லாம் மறந்திருக்கும்.
கல்லாகவே இருந்துகொண்டு
பிசைந்த மாவாய் மடிந்தது;
கருப்பு ஒதுங்கி, வெள்ளை ஒதுங்கி
வரிவரியாய் நீண்டது.
ஆறியது.
நூறு கோடி ஆண்டு கழித்து
மறுபடி வெந்தது.
வெடிப்புகளில் இளஞ்சிவப்பாய்
வேறொரு கல் புகுந்து உறைந்தது.
மேலிருந்த மலைகளையெல்லாம்
மழை தின்று தீர்த்தது.

தின்ன முடியாத மிச்சத்தில்
நாங்கள் ஆடு வளர்க்கிறோம்.

கணவாயில் பெட்டியை இறக்கினோம்.
விஸ்கி ஒரு சுற்று வந்தது.
முன்தண்டு பிடித்தவன் தோரமத், அவள் தம்பி.
வேலி ஒரு முழம் தள்ளிப்போன வழக்கில்
பதினோரு வருஷம் அவளோடு பேசாதவன்.
கட்டைவிரலை எச்சில் தொட்டு
பாறையில் தேய்த்தான்.
ஈரத்தில் வரிகள் எழுந்து வந்தன,
காய்ந்ததும் போயின.
மறுபடி தேய்த்தான்.
"இதுல எது முதல்ல வெந்துதாம்?"
எங்களில் யாருக்கும் தெரியவில்லை.
தெரிந்தவள் பெட்டிக்குள் இருந்தாள்.

வழக்கப்படி ஆளுக்கொரு கல் குவித்துவிட்டு
இறங்கினோம்.

மேற்குக் கரை வேறு உலகம்.
சிப்பி நொறுங்கிய வெள்ளை மணல்,
புல், சாணி, கடல் இரைச்சல்.
மண்வெட்டி சர்க்கரையில் இறங்குவதுபோல் இறங்கியது.
அரைமணி நேர வேலை.
சரிகிற மணலுக்குத்தான் பலகை அண்டக் கொடுத்தோம்.
சங்கீதம் பாடி முடிப்பதற்குள்
குழியின் ஒரு மூலை
தானாகவே மூடத் தொடங்கியது.

திரும்பி வரும்போது வெறும் தோள்.
ஆனாலும் எட்டுப் பேரும்
ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தோம்,
மேட்டில் ஏறி, கற்குவியலைத் தாண்டி,
வீட்டு விளக்குகள் தெரிகிறவரை.